சுவர்ல ஒரு பொம்பளை தூங்கறா: அல்சூர்ல நாங்க வரைஞ்ச படமும் நான் கத்துக்கிட்டதும்

எங்க அப்பா போர்டு எழுதறவர். பெங்களூர் சிவாஜிநகர் பக்கம் ஒரு சந்துல கடை, கடைன்னா ஒரு ஷட்டரும் உள்ள பத்து பதினஞ்சு எனாமல் டப்பாவும் தான். ஸ்கூல் விட்டா நேரா அங்க தான் போவேன். அப்பா சாக்பீஸ் தடவின நூலை தகரத்து மேல ரெண்டு பக்கமும் இழுத்து கட்டி நடுவுல ஒரு சுண்டு சுண்டுவார், கோடு விழும், அதுக்கு மேல அவுட்லைன் போட்டு கொடுப்பார், உள்ள கலர் ரொப்பறது என் வேலை. எட்டாவது படிக்கும்போது அவுட்லைனே நான் போட ஆரம்பிச்சிட்டேன். கன்னட எழுத்துக்கு தலைல சின்னதா ஒரு கொக்கி மாதிரி வரும் பாருங்க, தலகட்டுன்னு சொல்லுவாங்க, அதை பிரஷ் தூக்காம ஒரே இழுப்புல இழுக்கணும், நடுவுல கை நின்னா பெயிண்ட் அங்கேயே தேங்கி குமிழாயிடும். அப்பாக்கு பின்னாடி கை நடுக்கம் வந்துடுச்சு, அதனால எங்க கடை போர்டுல இருந்த தலகட்டு எல்லாம் என் கை தான். தமிழ் பேசற வீட்டு பொண்ணு கன்னடத்தை என்ன அழகா எழுதுதுன்னு ஒரு மளிகைக்கடைக்காரர் அப்பாகிட்ட சொன்னது இன்னும் காதுல இருக்கு.

ஆனா போர்டுக்கு கீழ வலது மூலையில சின்னதா ஒரு பேர் போடுவாங்க இல்ல, அது எங்க அண்ணன் பேர். அண்ணன் பேர், பக்கத்துல ஆர்ட்ஸ். அண்ணனுக்கு பிரஷ் பிடிக்கவே வராது, அவன் கேட்டு வாங்கின பேரும் இல்ல, தொழில் பையன் பேர்ல இருக்கணும்னு அப்பா வச்சது. அந்த பேரையும் நான் தான் எழுதுவேன். நூத்துக்கணக்கான போர்டுல அண்ணன் பேரை என் கையால எழுதியிருக்கேன், அது ஏன்னு ஒரு தடவை கூட அப்ப எனக்கு கேக்க தோணல. அப்பாவை குறை சொல்ல இதை எழுதல, எனக்கு எல்லாம் கத்துக்கொடுத்தவர் அவர் தான், இருந்தாலும் அந்த மூலை எனக்கு இன்னும் வலிக்குது.

அப்புறம் பிளெக்ஸ் வந்துச்சு, கடை மூடினோம், கல்யாணம் ஆகி அல்சூர் வந்துட்டேன். வீட்லயே பசங்களுக்கு டிராயிங் கிளாஸ் எடுக்கறேன். இருபது வருஷம் இப்படியே போச்சு.

திரும்ப சுவர் பக்கம் போனதுக்கு காரணம் என் பொண்ணு. காலேஜ்ல ஒரு அசைன்மெண்ட்டுக்காக போன்ல ஒரு போஸ்டர் காட்டினா. நியூயார்க்ல 1985ல சில பெண் ஓவியர்கள் சேர்ந்து கொரில்லா கேர்ள்ஸ்னு ஒரு குழு ஆரம்பிச்சிருக்காங்க, கொரில்லா முகமூடி போட்டுக்கிட்டு தான் வெளிய வருவாங்க, சொந்த பேர் சொல்ல மாட்டாங்க, செத்துப்போன பெண் ஓவியர்கள் பேரை தான் வச்சுக்குவாங்க. 1989ல அவங்க ஒட்டின போஸ்டர் அது. மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல மாடர்ன் ஆர்ட் பகுதியில இருக்கிற ஓவியர்கள்ல பெண்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு, ஆனா அங்க இருக்கிற நிர்வாண படங்கள்ல 85 சதவீதம் பெண்கள், அப்ப பொம்பளைங்க மியூசியத்துக்குள்ள போகணும்னா துணி இல்லாம தான் போகணுமான்னு கேட்டிருந்தாங்க. எனக்கு பிடிச்சது என்னன்னா அவங்க கத்தல, போய் எண்ணிட்டு வந்தாங்க, எண்ணினதை அப்படியே பெருசா எழுதி ஒட்டினாங்க, அவ்வளவு தான். போர்டு எழுதற வீட்டு பொண்ணுக்கு அது சட்டுனு புரிஞ்சுது. அன்னில இருந்து எங்க போனாலும் எண்ணுவேன், கோயில் விழா பேனர்ல எத்தனை பேர், அதுல பொம்பளை எத்தனைன்னு. முதல்ல கத்துக்கிட்டது இது தான், வரையறதுக்கு முன்னாடி எண்ணுங்க, எண்ணி கையில வச்சிருந்தா யாராவது சும்மா உனக்கு தோணுதும்மான்னு சொல்லும்போது பதில் இருக்கும்.

அடுத்து பொண்ணு சொன்னது நம்ம ஊர் கதை. ஜாஸ்மின் பதேஜான்னு ஒரு ஆர்ட்டிஸ்ட், 2003ல பெங்களூர்ல ஸ்டூடண்ட்டா இருக்கும்போது பிளாங்க் நாய்ஸ்னு ஆரம்பிச்சாங்க, தெருவுல பொம்பளைங்களுக்கு நடக்கிற தொல்லையைப் பத்தினது. தொல்லை நடந்த அன்னிக்கு நீ என்ன டிரெஸ் போட்டிருந்தேன்னு தானே எல்லாரும் முதல்ல கேப்பாங்க, அவங்க அந்த டிரெஸ்ஸையே கொடுக்க சொல்லி சேர்த்தாங்க, பார்த்தா அதுல புடவை, சுடிதார், ஸ்கூல் யூனிபார்ம்னு எல்லாமே இருக்கு. 2014ல இருந்து மீட் டு ஸ்லீப்னு ஒண்ணு, பொம்பளைங்க பார்க்குக்கு போய் வெட்டவெளியில படுத்து தூங்கறது. கேட்டதும் இதெல்லாம் ஒரு ஆர்ட்டான்னு தான் நினைச்சேன்.

அப்புறம் ஒரு நாள் நான், பொண்ணு, மேல் வீட்டு அக்கா மூணு பேரும் கப்பன் பார்க் போனோம். யாரும் கூப்பிடல, நாங்களா தான் போனோம், மத்தியானம் ரெண்டு மணி, மூங்கில் புதர் பக்கம் பழைய பெட்ஷீட் விரிச்சு படுத்தோம். தூக்கமே வரல. ஹேண்ட்பேக் வாரை மணிக்கட்டுல ரெண்டு சுத்து சுத்திக்கிட்டேன், யாராவது சருகு மேல நடந்தா கண்ணு தானா திறந்துக்கும், ஒருக்களிச்சு தான் படுத்தேனே ஒழிய மல்லாந்து படுக்க முடியல, அப்ப தான் உறைச்சுது, நாப்பது வயசு தாண்டியும் வீட்டுக்கு வெளிய நான் ஒரு நாளும் மல்லாந்து படுத்ததில்லன்னு. சுத்தி பார்த்து எண்ணினேன். செருப்பை தலைக்கு வச்சு, பேப்பரை மூஞ்சில போட்டுக்கிட்டு 14 ஆம்பளைங்க தூங்கறாங்க. பொம்பளைங்க நாங்க மூணு பேர் தான். கொஞ்ச நேரத்துல ஒரு வாட்ச்மேன் வந்தார், நல்ல மனுஷன், அக்காவை பார்த்து "உஷாரில்வா மேடம்"னு கேட்டார், உடம்பு சரியில்லையான்னு. பொம்பளை படுத்திருந்தா உடம்புக்கு முடியலன்னு தான் அர்த்தம். அக்கா வர்ற வழியில பஸ்ல சொன்னாங்க, "வீட்லயே மத்தியானம் கண்ணு அசந்தா கதவு சத்தம் கேட்டதும் எந்திரிச்சு துணி மடிக்கிற மாதிரி உக்காந்துக்குவேன் டீ". இதெல்லாம் ஆர்ட்டான்னு அதுக்கப்புறம் நான் கேக்கல.

இப்ப சுவர் கதைக்கு வர்றேன். எங்க தெருக்கோடியில ஒரு பள்ளிக்கூட காம்பவுண்ட் சுவர் இருக்கு, 22 அடி நீளம், ஆள் உயரத்துக்கு மேல. ஆம்பளைங்க அங்க தான் ஒண்ணுக்கு போவாங்க, அந்த பக்கம் மூக்கை பொத்திக்காம நடக்க முடியாது. ஏரியாவுல செல்வாக்கான சில பேர் வந்து, நீங்க நல்லா வரைவீங்களாமே, ஒரு சாமி படம் போட்டுடுங்க மேடம், அப்ப எவனும் போக மாட்டான்னாங்க. பெயிண்ட் வாங்கி தர்றோம்னாங்க. சரின்னு தெருவுல இருக்கிற பொம்பளைங்களை கூப்பிட்டேன், ஆறு பேர் சேர்ந்தோம். என்ன வரையலாம்னு கேட்டா முதல்ல எல்லாரும் லக்ஷ்மி, கித்தூர் ராணி சென்னம்மா, வேலுநாச்சியார், இல்லன்னா புத்தகத்தோட ஒரு பெண் குழந்தைன்னு தான் சொன்னாங்க. எல்லாமே ஏற்கனவே எங்கேயோ பார்த்த படம்.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். பெங்களூர்ல என். புஷ்பமாலான்னு ஒரு ஆர்ட்டிஸ்ட், அவங்க நினைச்சது அந்த மாதிரி படங்களைப் பத்தி தான்னு எனக்கு தோணும். அவங்களும் கிளேர் ஆர்னின்னு போட்டோகிராபரும் சேர்ந்து 2000ல இருந்து 2004 வரைக்கும் தென்னிந்திய பெண்கள்னு ஒரு போட்டோ வரிசை பண்ணினாங்க, ரவிவர்மா லக்ஷ்மி மாதிரி, வேளாங்கண்ணி மாதா மாதிரி, போலீஸ்ல பிடிபட்ட பொம்பளை மாதிரின்னு புஷ்பமாலாவே வேஷம் போட்டு நிப்பாங்க, செட்டு, திரை, நகை எல்லாம் அச்சு அசலா இருக்கும். எங்க வீட்டு காலண்டர்ல இருந்த அதே லக்ஷ்மி, ஆனா உள்ள ஒரு நிஜ பொம்பளை கால் கடுக்க நிக்கறாங்கன்னு தெரிஞ்சதும் படத்தை பார்க்கற விதமே மாறிடுது. தேவியா, வீராங்கனையா, திருடியா நம்மளை வரைஞ்சு வரைஞ்சு தள்ளியிருக்காங்க, சும்மா இருக்கிற பொம்பளையை யாரும் வரையல. அதனால கும்பலா படம் போட போறவங்க முதல் நாள் சொல்ற ஐடியாவை எடுத்துக்காதீங்க, ரெண்டு மூணு நாள் டீ குடிச்சு பேசுங்க. எங்களுக்கு மூணாவது நாள் தான் மேல் வீட்டு அக்கா பார்க்ல தூங்கின கதையை எடுத்து விட்டாங்க, எல்லாரும் சிரிச்சாங்க, அப்புறம் ஒவ்வொருத்தரா தன் தூக்கத்தைப் பத்தி பேச ஆரம்பிச்சாங்க, அன்னிக்கு மூணு மணி நேரம் போனதே தெரியல. முடிவாயிடுச்சு, மரத்தடியில மல்லாந்து தூங்கற பொம்பளை, 22 அடி நீளத்துக்கு.

வேலை விஷயம் கொஞ்சம் விரிவா சொல்றேன், செய்யறவங்களுக்கு உதவும். சுவர் யாரோடதுன்னு பார்த்து அவங்ககிட்ட எழுத்துல பர்மிஷன் வாங்குங்க, வாய் வார்த்தை போதாது, கர்நாடகாவுல பொது இடத்தை அலங்கோலம் பண்றதை தடுக்க 1981லயே சட்டம் இருக்கு, நல்ல படம்னாலும் யாராவது புகார் கொடுத்தா அந்த கடுதாசி தான் காப்பாத்தும். பழைய சுண்ணாம்பு மேல அப்படியே அடிக்காதீங்க, பட்டி பிளேடால சுரண்டி, கழுவி, ரெண்டு நாள் காயவிட்டு பிரைமர் அடிச்சு அதுக்கு மேல வெளிப்புற எமல்ஷன் தான், டிஸ்டெம்பர் ஒரு மழைக்கு தாங்காது. ஒண்ணுக்கு அடிச்ச சுவர்ல உப்பு பூக்கும், கீழ ரெண்டு அடி நாங்க மூணு தடவை கழுவினோம். படத்தை பேப்பர்ல கட்டம் போட்டு, சுவர்லயும் நூல் சுண்டி கட்டம் போட்டு பெருசாக்கினோம், டிராயிங் வராதவங்களும் ஒரு கட்டத்தை எடுத்து அதுல இருக்கிறதை மட்டும் பார்த்து போடலாம். நேரம் பதினொண்ணுல இருந்து மூணு வரைக்கும், பசங்க ஸ்கூல்ல இருக்கிற நேரம். சாரத்துல ஏறும்போது புடவை வேணாம், எல்லாரும் வீட்டுக்காரரோட பழைய சட்டையை போட்டுக்கிட்டு வந்தாங்க. பாத்ரூமுக்கு எந்த வீடுன்னு முதல் நாளே பேசி வச்சுக்கோங்க, இது பேசாம நிறைய பொம்பளைங்க ரெண்டாவது நாள் வர மாட்டாங்க.

தூங்கறவளோட காலை நான் தான் வரைஞ்சேன். மேல் வீட்டு அக்கா ஸ்டூல்ல உக்காந்து சாரக்கட்டை மேல கால் நீட்டி காட்டினாங்க. குதிகால்ல பித்தவெடிப்பு, அதை வரையாதேன்னு வெக்கப்பட்டாங்க, நான் வரையறேன்னேன். அடர் பிரவுன்ல கொஞ்சம் கருப்பு கலந்து, அப்பாவோட பழைய அணில்முடி பிரஷ்ல, ஒவ்வொரு வெடிப்பா மேல இருந்து கீழ இழுத்தேன். தலகட்டு இழுக்கிற அதே கை. ரெண்டு அடி உயரத்துக்கு ஒரு பாதம், உள்ளங்கால் தெருவை பார்த்து நிக்குது.

பாதி முடியும்போதே ஆரம்பிச்சிடுச்சு. பெயிண்ட் வாங்கி கொடுத்தவங்கள்ல ஒருத்தர் வண்டியை நிறுத்தி, "ஏனு மேடம் இது, குடிச்சிட்டு விழுந்த மாதிரி இருக்கு"ன்னார். இன்னொருத்தர் பக்கத்துல ஒரு குழந்தையை படுக்க வையுங்க, தாய்மை தெரியும்னார். கையில ஒரு புத்தகமாவது கொடுங்கம்மான்னு ஒரு பெரியவர். யாரும் கோபமா பேசல, ஆனா எல்லாருக்கும் அவ தூங்கறதுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டுச்சு. நான் கூட ஒரு ராத்திரி யோசிச்சேன், சரி குழந்தையை போட்டுடலாமா, பிரச்சனை முடியுமேன்னு. மறுநாள் கோயில் பக்கம் பூ கட்டற பாட்டி, எங்க குழுவுல பெரியவங்க, அவங்க அந்த ஆளுகிட்ட சொன்னாங்க, "நாப்பது வருஷமா இதே சந்துல பூ விக்கறேன், ஒரு நாள் கூட காலை நீட்டினதில்ல, படத்துலயாவது நீட்டட்டும் விடுப்பா". அப்புறம் என்கிட்ட திரும்பி, தலைமாட்டுல ஒரு பூக்கூடை போடு, கூடை காலியா இருக்கணும், பூ மீந்திருந்தா எப்படி தூக்கம் வரும்னாங்க. படத்துலயே நல்ல இடம் அந்த காலி கூடை தான், எனக்கு ஆயுசுக்கும் தோணியிருக்காது.

இந்த இடத்துல ஷீலா கௌடான்னு ஒரு ஆர்ட்டிஸ்ட்டை நினைச்சுக்கிட்டேன், அவங்களும் பெங்களூர் தான். 1998ல அவங்க பண்ணின வேலை ஒண்ணு இருக்கு, ஊசியில நூல் கோத்து, ரொம்ப நீளமான நூல்களை சேர்த்து குங்குமம் பூசி கயிறாக்கி ரூம் முழுக்க தொங்க விட்டிருப்பாங்க, நுனியில ஊசிங்க கொத்தா நிக்கும். ஊசி, நூல், குங்குமம், எல்லாம் நம்ம வீட்டு அஞ்சறைப்பெட்டி பக்கத்துல இருக்கிற சாமான். இழுத்தது எத்தனை மணி நேரம்னு பார்த்தாலே தெரியும். வீட்டு வேலைக்கு யாரும் கணக்கு வைக்கறதில்ல இல்ல, அந்த கயிறே கணக்கு. பாட்டியோட கூடையும் எனக்கு அப்படி தான் பட்டுச்சு.

அரவாணி ஆர்ட் ப்ராஜெக்ட் பத்தியும் சொல்லணும், 2016ல பூர்ணிமா சுகுமார் பெங்களூர்ல ஆரம்பிச்சது, திருநங்கைகளும் மத்த பெண்களும் சேர்ந்து பெரிய பெரிய சுவர் வரையறாங்க, பேரே நம்ம கூவாகம் அரவான் கதையில இருந்து வந்தது. துரத்தி விட்ட அதே தெருவுல நின்னு, பட்டப்பகல்ல, பிரஷ் பிடிச்சு நிக்கறது. இன்னொருத்தர் அவங்க கதையை வரையல, அவங்களே வரையறாங்க. அதை ஒரு வேலையாவே ஆக்கியிருக்காங்க. நாங்க தப்பு பண்ணினது அங்க தான். பெயிண்ட் வந்துச்சு, கூலி கேக்கல, சர்வீஸ் தானே மேடம்னாங்க, நாங்களும் சிரிச்சிட்டு விட்டுட்டோம். 19 நாள், ஆறு பேர். எங்க அப்பாகிட்ட யாரும் ஒரு நாளும் சர்வீஸ்னு சொன்னதில்ல. கூலியை முதல் நாளே பேசுங்க, கொஞ்சமா இருந்தாலும் பேசுங்க.

திறப்பு விழா வச்சாங்க. எங்களை வரச் சொல்லி நல்ல புடவை கட்டிட்டு வாங்கன்னாங்க. போனா பேனர்ல ஒன்பது ஆம்பளைங்க போட்டோ, பேர். வரைஞ்ச ஆறு பேர்ல ஒருத்தர் பேரும் இல்ல. மேடையில ஏத்தி ஆளுக்கு ஒரு டிபன் டப்பா கொடுத்தாங்க, மகளிர் அணிக்கு நன்றின்னு மைக்ல சொன்னாங்க. அதை கூட தாங்கிக்கிட்டேன். மறுநாள் காலையில போய் பார்த்தா, நாங்க வலது மூலையில கீழ ஆறு பேரும் கையெழுத்து போட்டிருந்தோம், அதே இடத்து மேல உபயம்னு ஒரு தகர போர்டு ஆணி அடிச்சு நிக்குது. வேணும்னு பண்ணாங்களான்னு தெரியாது, மூலை காலியா இருக்குன்னு நினைச்சிருப்பாங்க. நான் அங்கேயே உக்காந்து அழுதேன். எத்தனை வருஷம் கழிச்சும் அதே வலது மூலை.

பொண்ணு தான் அன்னிக்கு ராத்திரி இன்னொரு படம் காட்டினா. ஜூடி சிகாகோன்னு அமெரிக்க ஓவியர், 1979ல முடிச்ச வேலை, முக்கோணமா ஒரு பெரிய சாப்பாட்டு மேஜை, சரித்திரத்துலயும் புராணத்துலயும் வர்ற 39 பெண்களுக்கு இலை போட்ட மாதிரி தட்டு வச்சு, கீழ தரையில இன்னும் 999 பெண்களோட பேரை எழுதி வச்சிருக்காங்க, இப்ப புரூக்ளின் மியூசியத்துல இருக்கு. பேரை ஓரத்துல எழுதல, தரையாவே ஆக்கிட்டாங்க. அந்த தரையை எடுக்கணும்னா மேஜையையே எடுக்கணும்.

ஞாயித்துக்கிழமை விடிகாலை ஆறு பேரும் சுவர்கிட்ட போனோம். தூங்கற பொம்பளையோட புடவைக்கு அரக்கு பார்டர் போட்டிருந்தோம், 15 அடி நீளம். அதுல மஞ்சள்ல, ஜரிகை டிசைன் மாதிரி, பேரை எழுதினோம். தமிழ், கன்னடம், உருதுன்னு அவங்கவங்க எழுத்துல. பாட்டிக்கு எழுத தெரியாது, என்ன பேர் பாட்டின்னு கேட்டேன், எல்லாரும் பூக்காரம்மான்னு கூப்பிட்டு அவங்களுக்கே ஒரு நிமிஷம் ஆச்சு சொல்றதுக்கு. பேரை இங்க எழுத அவங்ககிட்ட கேக்கல, அதனால எழுதல, சுவர்ல இருக்கு. என் பேரை எழுதும்போது கை நடுங்கிச்சு, ரெண்டாவது எழுத்துல பெயிண்ட் தேங்கிடுச்சு, அதை அப்படியே விட்டுட்டேன். கையெழுத்தை மூலையில போடாதீங்க, அங்க தண்ணி தெறிக்கும், போஸ்டர் ஒட்டுவாங்க, போர்டு அடிப்பாங்க, போட்டோ எடுத்தா வெட்டிடுவாங்க. படத்துக்குள்ள, எடுத்தா படமே போகும்ங்கிற இடத்துல போடுங்க, வருஷத்தையும் சேர்த்து. முடிஞ்ச அன்னிக்கே பேர் தெரியற மாதிரி போட்டோ எடுத்து எல்லார் போன்லயும் அனுப்பிடுங்க.

அந்த உபயம் போர்டை நாங்க எடுக்கல, அது பாட்டுக்கு இருக்கு. ஒண்ணுக்கு போறது நின்னு போச்சான்னு கேக்கறாங்க, முழுசா நிக்கல, ஆனா ரொம்ப குறைஞ்சிருக்கு. போன மாசம் பொண்ணை கூட்டிக்கிட்டு ஒரு கச்சேரிக்கு போயிருந்தேன், கடம் சுகன்யா ராம்கோபால், மயிலாடுதுறையில பிறந்து நம்ம பெங்களூர்ல இருக்கிறவங்க, பொம்பளை கைக்கு கடம் சரிப்படாதுன்னு சொன்ன காலத்துல கத்துக்கிட்டு, 1995ல பெண்களை மட்டும் வச்சு ஸ்த்ரீ தாள் தரங்க்னு குழு ஆரம்பிச்சவங்க. எப்பவும் பின் வரிசையில இருக்கிற கடத்தை, சுருதி வேற வேறயா இருக்கிற பல கடங்களை சுத்தி வச்சு, நடுவுல உக்காந்து வாசிக்கறாங்க. பொண்ணு என் காதுல, "அம்மா, நம்ம பார்டர் மாதிரி இருக்கு இல்ல?"ன்னு சொன்னா.

மழைக்கு முன்னாடி குதிகாலை டச்சப் பண்ணணும், ஸ்கூல் போற பசங்க தொட்டு தொட்டு பெயிண்ட் தேஞ்சிருக்கு, வெடிப்பெல்லாம் மங்கிடுச்சு. பின்தெரு பொண்ணுங்க ரெண்டு பேர் நாங்களும் வர்றோம் ஆண்ட்டின்னு சொல்லியிருக்காங்க. கூலி பேசியாச்சு. பார்டர்ல இன்னும் ஒன்றரை அடி இடம் இருக்கு.